எழுந்து நிற்கும் வலு: பதின்மூன்று முதல் தொண்ணூறு வரை ஒரு கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பள்ளிக்கல்வித் துறைக்கும், இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கும், மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரையிலான உள்ளாட்சிகளுக்கும், ஜிம் நடத்துகிறவர்களுக்கும், "வெயிட் தூக்கினா பையன் வளர மாட்டான்" என்று சொல்லும் பெற்றோருக்கும், "இனிமே எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லும் தாத்தா பாட்டிகளுக்கும் எழுதுவது.

எழுதுகிற நாங்கள் உடற்கல்வி ஆசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள், ஜிம் பயிற்சியாளர்கள், முட்டிவலிக்காரர்கள், இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை ஆறு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்த மகள்கள். கட்சி கிடையாது, கொடி கிடையாது.

2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் அந்த எட்டு கிலோமீட்டரை அநாயாசமாக நடந்துவிட்டு வருகிற பெரியவர், வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது ஒரு கையைத் தேடுகிறார். நடையால் அந்த வலு வருவதில்லை. தசை தன்னால் எளிதில் முடியாத ஒன்றைத் தள்ளியோ இழுத்தோ தூக்கியோ பழகினால்தான் வலுப்பெறும். அது இரும்பாக இருக்கலாம், ரப்பர் பட்டையாக இருக்கலாம், மணல் நிரப்பிய சாக்காக இருக்கலாம், சொந்த உடம்பாகவும் இருக்கலாம். சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் கூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இந்தச் சாசனம் முழுக்கக் கேட்பது இரண்டே பொருள்: கூட்டிக்கொண்டே போகக்கூடிய எடை, அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். மற்றதெல்லாம் இவற்றின் விவரம்.

எதனால் கேட்கிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 17 வயது வரை வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. 18 முதல் 64 வரை குறைந்தது 2 நாள். 65-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த 2 நாளோடு, தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வலுப் பயிற்சியும் கலந்து 3 நாள். வயதாக ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் நினைத்திருப்பதை அது கூட்டச் சொல்கிறது. ஒன்றிய அரசும் ஃபிட் இந்தியா இயக்கத்தின் கீழ் 2020 செப்டம்பரில் வயதுவாரியான உடற்தகுதி நெறிமுறைகளை வெளியிட்டது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரர் இந்த மூன்று நாள் பயிற்சியை எங்கே போய் யாரிடம் செய்வார் என்பதைத்தான் எந்த ஏடும் சொல்லவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். தசையோ முப்பது வயதுக்குப் பிறகே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்ற அளவில் கரையத் தொடங்கி, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. தசையின் அளவைவிட அதன் வலு இன்னும் விரைவாக இறங்குகிறது. 1989-ல் இர்வின் ரோசன்பர்க் இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண் கிடைத்தது 2016-ல்தான். நம் ஊரில் இன்றைக்கும் இதன் பெயர் "வயசாச்சுல்ல".

வயதானபின் இதைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு 1990-லேயே விடை கிடைத்துவிட்டது. பாஸ்டனில் முதியோர் காப்பகம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு, சராசரி 90 வயதுள்ள பத்துப் பேரைச் சேர்த்து, 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. பேருக்குக் கொடுத்த எடை இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே கனமான எடை. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவை அதிகம் பேர் சொல்வதில்லை: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலு 32 சதவீதம் இறங்கிவிட்டது. ஆகவே அமைச்சர் வந்து குத்துவிளக்கேற்றி, பேனர் கட்டி, மூன்று நாள் நடத்தும் முகாம் எங்களுக்கு வேண்டாம். வருடம் முழுக்க நடப்பது வேண்டும்.

கோரிக்கை 1: உடற்கல்விப் பாடவேளையை உடற்கல்விக்கே விடுங்கள்

ஜனவரி பிறந்தால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பி.இ.டி. பீரியட் என்பது கணக்கு வாத்தியாருக்கான இலவச இணைப்பு. பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது தெரியும், பெற்றோர் பலர் ஆதரிக்கவும் செய்கிறார்கள். வாரத்தில் இரண்டு பாடவேளையாவது யாரும் கடன் வாங்க முடியாததாக அட்டவணையில் பூட்டப்பட வேண்டும். இரண்டிலும் வலுப் பயிற்சி இருக்கட்டும்.

எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்பைத்தான் ஐம்பதுக்குப் பிறகு எடுத்துச் செலவு செய்கிறோம். எட்டாம் வகுப்பில் தவறவிட்டதை எழுபதில் கால்சியம் மாத்திரை ஈடு கட்டாது.

பெற்றோரின் பயத்துக்கு நேராகவே பதில் சொல்கிறோம். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துச் செய்யும் எடைப் பயிற்சியால் வளர்ச்சி நின்றுபோவதாக எந்தச் சான்றும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020-ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் அடிபடுவது பெரும்பாலும் கேட்பாரில்லாத இடத்தில், யார் அதிகம் தூக்குகிறார் என்று பந்தயம் போடும்போது. உண்மையிலேயே வளர்ச்சியைக் கெடுப்பது ஸ்டீராய்டு ஊசி. அது எலும்பின் வளர்முனைகளை நேரத்துக்கு முன்பே மூடிவிடும். வீட்டில் டம்பெல்லை ஒளித்துவைக்கிற அப்பா, பையனின் பையில் என்ன மருந்து இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

பள்ளிக்குப் பெரிய செலவு வேண்டாம். முதல் மூன்று மாதம் இரும்பே தேவையில்லை. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்குவது, துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து ஸ்குவாட் பழகுவது. உடம்பு வளைய வேண்டிய இடத்தில் வளைந்து, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்த பிறகு எடை வரட்டும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு, எட்டு முதல் பதினைந்து முறை தூக்கக்கூடிய எடை. எளிதாகிவிட்டால் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ கூட்டலாம். பதின்மூன்று வயதில் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் யாருக்கும் இல்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் மைதானத்திலிருந்து காணாமல் போகிறவர்கள் அவர்கள். தாவணியும் துப்பட்டாவும் போட்டுக்கொண்டு தண்டால் எடுக்க முடியாது. அரைக்கை டீ-ஷர்ட், பேண்ட், மறைவாக உடை மாற்ற ஓர் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, முடிந்த இடங்களில் பெண் உடற்கல்வி ஆசிரியர். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. வாரா வாரம் பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் இந்தப் பயிற்சியும் ஒரே ஆசிரியரின் கண்ணில் பட்டால் நல்லது. மூச்சு வாங்குகிற பிள்ளையை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

தோப்புக்கரணம், தண்டால், மைதானத்தைச் சுற்றி ஓட்டம் ஆகியவற்றைத் தண்டனையாகக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு நூறு தோப்புக்கரணம் போட்ட பிள்ளை, பெரியவனானதும் ஸ்குவாட்டை விரும்பி வந்து செய்வான் என்று எதிர்பார்க்க முடியாது. பழக்கமில்லாத உடம்பில் அந்த எண்ணிக்கை தசை நாரைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்தும் உண்டு.

கடைசியாக, ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே, 6 முதல் 8 வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் உடற்கல்வி ஆசிரியர்களும் உண்டு. பத்தாண்டுகளுக்கு மேல் அவர்கள் தெருவில் நின்று பணி நிரந்தரம் கேட்டார்கள். பிள்ளைகளின் முதுகெலும்பைக் கவனிக்கிற வேலைக்கு வருபவரின் வயிற்றுப்பாட்டை முதலில் உறுதி செய்யுங்கள்.

கோரிக்கை 2: கட்டிய கூடங்களைத் திறந்து வையுங்கள், ஆள் போடுங்கள்

2016-ல் 500 ஊர்களில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அறிவிக்கப்பட்டன. கூடத்துக்குத் தலா 10 லட்சம், பூங்காவுக்கு 20 லட்சம். 2024-ல் கலைஞர் பெயரில் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய தொகுப்பு வழங்கப்பட்டது. பெயர் யாருடையது என்பதில் எங்களுக்கு வழக்கில்லை. கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பல ஊர்களில் அதை வைத்திருப்பவர் யாரென்று விசாரித்துக் கண்டுபிடிப்பதே ஒரு பயிற்சி.

நகரப் பூங்காக்களில் வண்ணம் அடித்து நட்டுவைத்திருக்கும் இயந்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் ஊஞ்சலாடுவதற்கு அவை அருமையானவை. ஆனால் பெரும்பாலானவற்றில் எடையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாற்பத்தைந்து கிலோ பாட்டிக்கும் தொண்ணூறு கிலோ பேரனுக்கும் ஒரே கம்பி, ஒரே ஆட்டம். ஒரு மாதத்தில் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதற்கு மேல் அது பொழுதுபோக்கு. புதிதாக இவற்றை வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் பழைய பாணிப் பொருள்கள் வாங்குங்கள்: நீளக் கம்பி, கழற்றி மாட்டும் தட்டுகள், ஒரு கிலோவில் தொடங்கும் டம்பெல் வரிசை, ஆடாத பெஞ்ச், ரப்பர் பட்டைகள், கையில்லாத கெட்டி நாற்காலிகள். தட்டுகளில் அரைக் கிலோவும் ஒரு கிலோவும் கட்டாயம் இருக்கட்டும். ஐந்து கிலோவிலிருந்து ஏழரைக்குத் தாவுவது இருபது வயதுக்காரருக்குச் சின்ன அடி, எழுபது வயதுக்காரிக்குத் தாண்ட முடியாத வாசல்.

ஆள் கணக்கையும் நாங்களே போட்டுத் தருகிறோம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒருவர் கேட்கவில்லை. ஆறு ஊராட்சிக்கு ஒருவர் என்றால் சுமார் 2,090 பேர். காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று திங்கள் முதல் சனி வரை சுற்றினால் ஒவ்வோர் ஊருக்கும் வாரம் இரண்டு வகுப்பு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்குக் கேட்கும் அளவு அதிலேயே நிறைந்துவிடுகிறது. உடற்கல்வியும் இயன்முறை மருத்துவமும் படித்துவிட்டு உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மேலக்கோட்டையூரில் அரசின் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எடைப் பயிற்சி கொடுப்பதற்கென்று ஒரு சான்றிதழ் படிப்பை அங்கே தொடங்குங்கள்.

ஊரில் ஒரு கம்பியும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர் சத்துவாச்சாரியே போதும். அந்த ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கினார். நாங்கள் பதக்கம் கேட்கவில்லை.

கோரிக்கை 3: ஜிம் நடத்துகிறவர்களுக்கு

பயிற்சியாளர் எங்கே, என்ன படித்தார் என்பதைச் சுவரில் மாட்டுங்கள். உங்கள் சொந்தப் படத்தை மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டலாம்.

ஸ்டீராய்டும் ஊசியும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். இதயத் தசை தடிப்பது, விந்தணு குறைவது, ஈரல் கெடுவது எல்லாம் இருபத்து மூன்று வயதுப் பையன்களுக்கு நடக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் 'கட்டிங்', தசையைப் பெருக்கும் 'பல்கிங்' என்ற பெயரில் இவற்றைக் கைமாற்றிவிடும் கூடத்தின் உரிமத்தை ரத்து செய்யுங்கள் என்று உள்ளாட்சியிடமும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திடீர்ச் சோதனை நடத்த வேண்டும் என்று அரசிடமும் கேட்கிறோம். பதினெட்டு நிரம்பாத பிள்ளையைச் சேர்த்தால் பெற்றோரை நேரில் வரவழைத்துப் பேசுங்கள்.

வாரம் ஆறு நாள் வரச் சொல்லி, ஜனவரியில் ஆண்டுச் சந்தா வாங்கி, பிப்ரவரியில் அவர் வராமல் போவதை நம்பி நடத்தும் தொழிலை விடுங்கள். வேலைக்குப் போகிற மனிதருக்கு வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போதும். அப்படியொரு சந்தா எந்த விலைப்பட்டியலிலும் கண்ணில் படுவதில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்குக் கூட்டமில்லாத காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பாதிக் கட்டணத்தில் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது. ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

கோரிக்கை 4: மருந்துச் சீட்டில் இரண்டாவது வரி

இது இந்தச் சாசனத்தின் முதுகெலும்பு.

நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. தசை என்பது சர்க்கரையின் கிடங்கு. கிடங்கு சின்னதாக இருந்தால் சரக்கு தெருவில்தான் நிற்கும். நம் உடம்புக்குப் பிறவியிலேயே இந்தக் கிடங்கு சிறிது. 2004-ல் லான்செட் இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற படம் ஒன்று வந்தது. இருவருடைய உடல் நிறைக் குறியீடும் 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கென்ன என்று சொல்லும் நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த படம் அது.

மருத்துவர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே "தினமும் நடக்கவும்" என்று எழுதுகிறார். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்கிறோம்: வாரம் இரண்டு நாள் வலுப் பயிற்சி, எந்த இடத்தில், யாரிடம். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் கோரிக்கை 2-ல் சொன்ன பயிற்சியாளரின் பெயரை எழுதிக்கொடுக்க வேண்டும். யாரை உடனே அனுப்பக் கூடாது என்பதும் அவர் பொறுப்பு: கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் மாரடைப்பு, சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு, ஆறாத அறுவை, குடலிறக்கம். மற்றவர்களுக்கு "முட்டி தேஞ்சுடுச்சு, அசைக்காதீங்க" என்ற அறிவுரையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தேய்ந்த முட்டிக்கு முதல் சிகிச்சையே தொடைத் தசையை வலுவாக்குவதுதான்.

2021 ஆகஸ்ட்டில் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்தமானியைக் கொண்டுவந்தது. அந்தப் பையில் இன்னொரு சோதனையைச் சேருங்கள், அதற்குக் கருவியே வேண்டாம். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கை இருக்கிறது, பரவாயில்லை, அதைப் பிடிக்காமல் எழுந்தால் சரி. ஆசிய சார்கோபீனியா பணிக்குழு 2019-ல் வகுத்த அளவின்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடி வலுவுக்கும் அவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள்: ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18, அதற்குக் கீழே போனால் தசை தேய்கிறதோ என்று பார்க்க வேண்டும். வட்டாரத்துக்கு அதை அளக்கும் பிடிமானி ஒன்றாவது வாங்குங்கள்.

கோரிக்கை 5: நாற்பதைத் தாண்டிய பெண்கள்

2011-ல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. உரலும் அம்மியும் வாசலுக்குப் போயின. அவற்றைத் திரும்ப உள்ளே கொண்டுவரச் சொல்கிற பேச்சு வாட்ஸ்அப்பில் நிறைய உலவுகிறது, சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாவு ஆட்டாத ஆண்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. மிச்சமான நேரத்தில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அந்தப் பெண்ணுக்கே திரும்பக் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக இளகுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், எலும்பு அடர்த்தி குறைந்த, சராசரி 65 வயதான 101 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் முன்னிலையில் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குதல், குதித்து இறங்குதல் செய்தது. இன்னொரு குழு வீட்டில் இலேசான பயிற்சி செய்தது. எட்டு மாதத்தில் முதல் குழுவின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, இரண்டாவது குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பளுவைப் பார்த்துப் பயந்து ஒரு கிலோ டம்பெல்லோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு என்று நினைத்திருந்தோம். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பதுதான் பாதுகாப்பு.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாரந்தோறும் கூடுகின்றன. கூடும் இடத்தில் ஒரு கம்பி இருக்கட்டும்.

பிள்ளை பெற்றவர்களைப் பற்றி ஒரே வரி: ஆறாவது வாரப் பரிசோதனையில் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து, இடுப்படித் தசைக்கும் வயிற்றுக்கும் என்ன பயிற்சி, எப்போது தொடங்கலாம் என்று ஓர் இயன்முறை மருத்துவர் சொல்லி அனுப்ப வேண்டும்.

கோரிக்கை 6: அறுபது, எழுபது, தொண்ணூறு

ஊருக்கு ஊர் இளவட்டக்கல் கிடக்கிறது. நெல்லைச் சீமையில் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலுக்கு இன்றைக்கும் அதைத் தூக்குகிறார்கள், பெண்களும் இப்போது இறங்குகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கல் நமக்குள் ஒரு தவறான எண்ணத்தைப் பதித்துவிட்டது: வலு என்பது கல்யாண வயதில் ஒருமுறை ஊர் முன்னால் காட்டிவிட்டு மறந்துபோகும் சமாசாரம் என்று. எண்பது வயதுப் பாட்டி எடை தூக்கும் படம் செய்தித்தாளில் வந்தால் வியந்து பகிர்கிறோம், நம் வீட்டுப் பாட்டியின் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கி வைத்துவிடுகிறோம்.

கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள், அதிகம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நம் வீடுகளில் அது பாத்ரூமில் நடக்கிறது, அதிகாலை இருட்டில் நடக்கிறது. கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள், வழுக்காத தரை போடுங்கள். அதோடு, விழப்போகிற நொடியில் காலை முன்னால் எடுத்துவைத்துத் தாங்குகிற தசையையும் வளர்க்க இடம் கொடுங்கள்.

கிண்டியில் முதியோர் நலனுக்கென்று தேசிய மருத்துவமனை வந்திருக்கிறது. அங்கே உருவாகும் வலுப் பயிற்சி முறை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு ஓராண்டுக்குள் போய்ச்சேர வேண்டும். எழுந்து உட்காருதல், படியில் ஏறி இறங்குதல், சுவரைத் தொட்டபடி குதிகால் உயர்த்துதல், ரப்பர் பட்டையை மார்புக்கு இழுத்தல், இரு கையிலும் பை பிடித்து நடத்தல், ஒற்றைக் காலில் நிற்றல். எட்டுப் பத்து முறை செய்தபின் இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற இடத்தில் நிறுத்துகிற அளவுக்குக் கனம். மூச்சை அடக்கக் கூடாது. அரசு உதவி பெறும் முதியோர் இல்லங்களில் இது வாரம் மூன்று நாள் நடக்கிறதா என்று ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கோரிக்கை 7: தட்டில் என்ன இருக்கிறது

எடை தூக்கச் சொல்லிவிட்டு ரசஞ்சோறு போட்டால் தசை எதிலிருந்து வளரும்? முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் குழுக்களின் பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. அதில் புரதம் 220 கிராம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிராம்கூட வராது.

பள்ளிப் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை கொடுக்கிறது இந்த மாநிலம். ஓய்வூதியம் பெறும் முதியவருக்கு அதே மையத்தில் அதே ஐந்து முட்டை கொடுக்க வேண்டும். முட்டை உண்ணாதவருக்குச் சுண்டல். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் இதையெல்லாம் வாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே சரி. இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: ஐயாயிரம் ரூபாய் புரதப் பொடி டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி முட்டை, பால், கொண்டைக்கடலை, மீனில் கிடைத்துவிடும்.

கோரிக்கை 8: சுமக்கிறவர்கள்

"சித்தாள் வேலை பாக்குறவளுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று எங்களிடமே கேட்டிருக்கிறார்கள். பயிற்சியில் எடையைச் செய்கிறவர் முடிவு செய்கிறார், முடியாதபோது இறக்கி வைக்கிறார், மறுநாள் ஓய்வெடுக்கிறார். கட்டட வேலையில் மேஸ்திரி முடிவு செய்கிறார், ஓய்வு எடுத்தால் கூலி போகும். தலைச்சுமை கழுத்தைத் தேய்க்கிறதே தவிர முதுகையும் தொடையையும் சீராக வளர்ப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வேலை இடங்களில் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வலிக்கு இயன்முறை சிகிச்சையை வாரியச் செலவில் கொடுக்க வேண்டும், சிமென்ட் மூட்டையை இருவர் தூக்குவதை வழக்கமாக்க வேண்டும். நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றுகிற தென்காசிப் பெண்களுக்கும் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கும் வேலை நேரத்துக்குள்ளேயே பத்து நிமிடம் இரண்டு முறை வேண்டும், கூலி பிடித்தம் இல்லாமல். கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-ல் சட்டமாக்கிய மாநிலம் இது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு எழுந்திருக்கும் உரிமையையும் அதே சட்டப்பேரவையில் கேட்கிறோம்.

பதில் எப்படி வேண்டும்

"பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் மூன்று பட்டியல்களை இணையத்தில் வெளியிடுங்கள். 2016 முதல் அறிவிக்கப்பட்ட உடற்பயிற்சிக் கூடங்களில் எத்தனை கட்டப்பட்டன, எத்தனை இன்று திறந்திருக்கின்றன என்ற பட்டியல், ஊர்ப் பெயரோடு. அரசுப் பள்ளிகளில் காலியாக இருக்கும் உடற்கல்விப் பணியிடங்களின் பட்டியல், ஒன்றியவாரியாக. மக்களைத் தேடி மருத்துவத்தில் எந்த வட்டாரத்துக்கு எத்தனை இயன்முறை மருத்துவர்கள் என்ற பட்டியல்.

அதற்குள் நிதி வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கூடத்தின் கதவிலும் திறக்கும் நேரம், மூடும் நேரம், பெண்களுக்கான நேரம், முதியவர்களுக்கான நேரம், சாவி வைத்திருப்பவரின் கைபேசி எண் ஆகியவற்றைப் பெயிண்டால் எழுதுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அந்த எண்ணை அழைத்துப் பார்ப்போம்.